காணிக்குப் பெயர் உண்டு

யாழ்ப்பாணத்தில், எங்கள் பண்டத்தரிப்புப் பக்கத்தில், காணிகளுக்குப் பெயர் உண்டு; காணிக்காரருக்குத்தான் பரம்பரைப் பெயர் இல்லை. தகப்பன் பெயரின் முதலெழுத்தை முன்னால் போட்டுக்கொள்வதால், தலைமுறைக்குத் தலைமுறை அந்த எழுத்து மாறிவிடும். தோட்டத்தின் பெயர் மாறாது. பழைய உறுதி ஒன்றை விரித்துப் பார்த்தால், பண்டத்தரிப்புக் கோயிற்பற்று என்று தொடங்கி, எந்த இறையில் இருக்கிறது, காணியின் பெயர் என்ன, பரப்பு எத்தனை, குழி எத்தனை, கிழக்கெல்லை யாருடைய காணி, வடக்கெல்லை யாருடையது, மேற்கு எது, தெற்கில் ஒழுங்கையா வாய்க்காலா என்று மூச்சு விடாமல் ஓடும். கோயிற்பற்று என்பது போர்த்துக்கீசர் காலத்துப் பிரிவு. கோயில் என்று அதில் சொல்லப்படுவது அவர்களுடைய தேவாலயம். ஒல்லாந்தர் போய், ஆங்கிலேயர் போய், குடியரசும் வந்துவிட்டது. நொத்தாரிசுமார் அந்தச் சொல்லை விடவில்லை.

காணிப் பெயர்களின் வாலைப் பார்த்தாலே நிலத்தின் சங்கதி தெரியும். கலட்டி என்றால் கல்நிலம். புலம் என்றால் உழுது விதைத்த நிலம். அடைப்பு என்றால் வேலி போட்டுப் பிரித்த நிலம். பண்டத்தரிப்புக்கு அயலில் இருக்கும் வடலியடைப்பும் பணிப்புலமும் இன்று ஊர்ப்பெயர்கள். சொல்லைப் பிரித்தால் உள்ளே காணிதான் கிடக்கிறது. பண்டத்தரிப்பைச் சரித்திரக்காரர் பெரும்பாலும் 1820ஐ ஒட்டி இங்கே வந்து வைத்தியம் பார்த்த அமெரிக்க மிஷன் டாக்டர் ஜோன் ஸ்கடரை வைத்தே நினைவுகூர்கிறார்கள். அதற்கு முன்னும் பின்னும் இந்த ஊர் செய்துவந்த வேலை தோட்டமும் வயலும். அதைப் பற்றி எழுதியவர்கள் குறைவு.

தலைமுறை தலைமுறையாக ஒரே குடும்பம் கமம் செய்துவரும் நிலத்தைக் கௌரவிப்பது பல நாடுகளில் ஒரு வழக்கமாகவே வந்துவிட்டது. நியூயோர்க் மாநிலத்தில் 1937 முதல் நூறாண்டுப் பண்ணை என்ற விருது இருக்கிறது. அயோவா மாநிலம் 1976இல், அமெரிக்காவின் இருநூறாவது ஆண்டை ஒட்டித் தொடங்கியது. கனடாவின் ஒன்ராறியோவில் இளம் விவசாயிகள் சங்கம் 1967 தொடக்கம் இத்தகைய பண்ணைகளுக்குப் பெயர்ப்பலகை கொடுக்கிறது. றொறன்ரோவிலிருந்து நாட்டுப்புறமாகக் கார் ஓடும் எங்கள் ஆட்கள் அந்தப் பலகைகளைக் கண்டிருப்பார்கள். ஐக்கிய நாடுகள் சபை 2014ஐக் குடும்பக் கமத்தின் ஆண்டாக அறிவித்தது; பிறகு 2019 முதல் 2028 வரை ஒரு பத்தாண்டையே அதற்கு ஒதுக்கியது. இலங்கையிலும் உலர்வலயத்தின் சிறுகுளத் தொடர்களை உணவு விவசாய நிறுவனம் உலக முக்கியத்துவம் வாய்ந்த விவசாய மரபு என ஏற்றிருக்கிறது. குளம் இல்லாமல் கிணற்றை நம்பிய யாழ்ப்பாணத் தோட்டத்துக்கு அப்படி ஒன்றும் வரவில்லை.

வரவில்லை என்று குறைப்படுவதற்காக இதை எழுதவில்லை. அந்தப் பலகையை இங்கே கொண்டுவந்து நடுவதென்றால் எந்தக் காணியில் நடுவது, அதில் யாருடைய பெயரை எழுதுவது என்று கொஞ்சம் யோசித்துப் பார்த்தேன். அயோவாவின் நிபந்தனைகளில் ஒன்று, முதலில் இருந்த பண்ணையில் 40 ஏக்கராவது அந்தக் குடும்பத்தின் கையில் இன்னும் இருக்க வேண்டும் என்பது. எங்கள் கணக்கில் 16 பரப்பு ஒரு ஏக்கர். 40 ஏக்கர் என்றால் 640 பரப்பு. பண்டத்தரிப்பில் யாரிடமாவது 640 பரப்புத் தோட்டம் இருக்கிறதா என்று கேட்டால் சிரிப்பார்கள். 1972இன் காணிச் சீர்திருத்தச் சட்டம் ஒருவருக்கு 50 ஏக்கர் உச்சம் என்று வைத்தபோது யாழ்ப்பாணத்துக்கு அது பெரிதாக உறைக்கவில்லை. பறிப்பதற்கு இங்கே அவ்வளவு இருக்கவில்லை. பண்ணை என்ற சொல்கூட எங்களுக்கு ஒட்டாது. பண்ணை என்றால் பட்டணத்துப் பண்ணைப் பாலம்தான் நினைவுக்கு வரும். தோட்டம் செய்வார்கள், வயல் செய்வார்கள், கமம் செய்வார்கள். பண்ணை வைத்திருப்பது வேறு ஆட்கள்.

நிலம் ஏன் இவ்வளவு துண்டாகியது என்பதற்குப் பாதி விடை தேசவழமையில் இருக்கிறது. யாழ்ப்பாணத்தில் 37 ஆண்டுகள் இருந்த கிளாஸ் ஐசாக்ஸ் என்ற ஒல்லாந்த அதிகாரி ஊர் வழக்கங்களைத் திரட்டி 1707இல் எழுதிக் கொடுத்தார். அது தமிழில் பெயர்க்கப்பட்டுப் பன்னிரண்டு முதலிமார் பார்த்து ஒப்பியது. ஆங்கிலேயர் 1806இன் 18ஆம் ஒழுங்குவிதியால் அதைச் சட்டமாகவே வைத்துக்கொண்டார்கள். அதில் சொத்து மூன்று வகை. கணவன் தன் தாய் தகப்பனிடமிருந்து கொண்டுவருவது முதுசம். மனைவி கொண்டுவருவது சீதனம். இருவரும் சேர்ந்து உழைத்துத் தேடுவது தேடியதேட்டம். முதுசம் என்பது முதுசொம் என்ற பழைய சொல்லின் திரிபு; சொம் என்றால் சொத்து. இன்று ஈழத்தில் மரபு, பண்பாட்டுச் செல்வம் என்ற பொருளில் மேடைகளில் முழங்கும் இந்தச் சொல் பிறந்த இடம் காணிக் கணக்கு.

பழைய முறைப்படி முதுசம் ஆண்பிள்ளைகளுக்கு, சீதனம் பெண்பிள்ளைகளுக்கு. 1911இன் முதலாம் இலக்கக் கட்டளைச் சட்டம் வந்து இந்தப் பிரிகோட்டை அழித்துவிட்டது. ஆனால் ஊரின் மனம் சட்டப் புத்தகத்தோடு மாறுவதில்லை. கலியாணம் பேசும்போது வீட்டையும் வளவையும் நல்ல தோட்டக் காணியையும் பெண்பிள்ளைக்கு எழுதுவதுதான் வழக்கம். ஆகையால் பண்டத்தரிப்பில் நூறு ஆண்டாக ஒரே குடும்பத்தில் நிற்கும் தோட்டம் என்றால் அது பெரும்பாலும் அம்மம்மாவிடமிருந்து அம்மாவுக்கு, அம்மாவிடமிருந்து அக்காவுக்கு வந்ததாக இருக்கும். மண்வெட்டி பிடித்தவர்கள் மாப்பிள்ளைமார். அடுத்த ஊரிலிருந்து வந்தவர்கள், மாமியாரின் காணியைக் கொத்தியவர்கள், ஒவ்வொருவருக்கும் வெவ்வேறு முதலெழுத்து. தகப்பன், மகன், பேரன் என்று ஒரே பெயரில் ஓடும் வெளிநாட்டுப் பலகையின் கண்ணுக்கு இந்தத் தொடர்ச்சி தெரியவே தெரியாது. இதைப் பெண்வழி உரிமை என்று கொண்டாடவும் அவசரப்பட வேண்டாம். அதே சட்டம், மனைவி தன் சீதனக் காணியை விற்கவோ ஈடு வைக்கவோ கணவனின் எழுத்து மூலமான சம்மதம் வேண்டும் என்கிறது. காணி அவளுடையது, கையெழுத்து அவனுடையது.

ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். இரண்டு ஏக்கர், அதாவது 32 பரப்பு வைத்திருந்த ஒரு பூட்டனுக்கு நாலு பிள்ளைகள். ஆளுக்கு 8 பரப்பு. அவர்களில் ஒருவருக்கு நாலு பிள்ளைகள். ஆளுக்கு 2 பரப்பு. இனியும் பிரித்தால் கயிறு பிடித்து அளப்பதில் பயனில்லை என்பதால் பிரிக்காமலே விடுவார்கள். உறுதியில் பிரிபடாத எட்டில் ஒன்று, பதினாறில் மூன்று என்ற பின்னங்கள் வரத் தொடங்கும். பிறகு பிரிவினை வழக்கு. அதில் முதல் வழக்காளி செத்து, மகன் வந்து, அவரும் கிழவராகிவிடுவார். இந்தச் சிதறலுக்கு எதிராகத் தேசவழமையே ஒரு முண்டும் கொடுத்து வைத்திருக்கிறது. காணியை விற்க நினைப்பவர் கூட்டுப் பங்காளருக்கும் உரித்துக்காரருக்கும் முதலில் தெரிவிக்க வேண்டும். வாங்கும் முன்னுரிமை அவர்களுக்கு. 1947இன் 59ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம் அந்த உரிமையை வரையறுத்தது. நிலம் இனத்துக்குள் நிற்க வேண்டும் என்ற பிடிவாதம் இங்கே வெளிப்படையாகவே சட்டமாகியிருக்கிறது. அந்தப் பிடிவாதத்தின் மறுபக்கம், வெளியிலிருந்து ஒருவர் வந்து ஒரு பரப்புக்கூட வாங்குவது கடினம் என்பது. அந்த மறுபக்கத்துக்குப் பின்னால் வருகிறேன்.

காணி சிதறினாலும் சிதறாமல் நின்றது கிணறு. குடாநாட்டில் வற்றாத ஆறு இல்லை. அளவெட்டி, கந்தரோடை, சண்டிலிப்பாய்ப் பக்கங்களால் போய் அராலியில் கடலேரியோடு சேரும் வழுக்கையாறும் மாரிக்கு மட்டும் ஓடுவது. ஆண்டு முழுக்கக் கிடைக்கும் மழையில் பெரும்பங்கு ஐப்பசி, கார்த்திகை, மார்கழியில் கொட்டிவிடும். அது சுண்ணாம்புக் கல்லின் வெடிப்புகளால் இறங்கி, உப்புத் தண்ணீருக்கு மேல் நன்னீராக மிதந்து நிற்கும். மிதந்து நிற்கும் என்பதுதான் முக்கியம். அளவுக்கு மிஞ்சி இழுத்தால் கீழே இருக்கும் உப்பு மேலே வரும்.

கல்லை உடைத்துக் கிணறு தோண்டுவது ஒரு வீட்டின் செலவுக்கு மேற்பட்ட வேலை. அதனால் ஒரு கிணறு, பல காணி. காணி உறுதியிலேயே கிணற்றுப் பங்கும் வழி வாய்க்கால் உரிமையும் எழுதப்பட்டிருக்கும். காணியை விற்றால் தண்ணீரின் பங்கும் கூடப் போகும். துலாக் காலத்தில் இறைப்பு என்றால் குறைந்தது மூன்று பேரின் வேலை. ஒருவர் ஆடுகாலுக்கு மேலே துலாவில் முன்னும் பின்னும் நடந்து மிதிப்பார். ஒருவர் கிணற்றடியில் நின்று கொடியைப் பிடித்துப் பட்டையை ஊற்றுவார். இன்னொருவர் வாய்க்காலில் மண்வெட்டியோடு ஓடி ஒரு பாத்தியின் வாயைக் கட்டி அடுத்ததைத் திறப்பார். விடியப்புறம் தொடங்கி வெயில் ஏறுமுன் முடிப்பார்கள். துலா மிதிக்கும் மனிதனின் களைப்பே கிணற்றுக்குக் காவலாக இருந்தது. ஊறுகிற வேகத்தை விட அதிகமாக அவனால் இறைக்க முடியாது.

ஒரே கிணற்றின் இறைப்பைப் பங்காளர் நாள் பிரித்துக்கொள்ளும் ‘முறை’ என்ற ஏற்பாட்டைப் பற்றித்தான் அதிகம் எழுதப்பட வேண்டும் என்று நான் நினைக்கிறேன். எந்தப் பங்காளிக்கு எந்த நாள், விடியற்பக்கமா பின்னேரமா, ஒருவர் வீட்டில் சாவு விழுந்தால் அவருடைய முறையை யார் எடுத்துப் பிறகு எப்போது திருப்பிக் கொடுப்பது என்பதெல்லாம் எந்தக் காகிதத்திலும் இல்லை, எல்லோருக்கும் பாடம். சிறுவயதில் ஒரு பின்னேரம் எங்கள் சீதனக் காணிக் கிணற்றடியில் நின்று, பக்கத்துத் தறையைக் காட்டி இது ஆருடைய காணி என்று ஒரு பெரியவரிடம் கேட்டேன். அவர் பாத்தியிலிருந்து நிமிராமலே சொன்னார்: "காணி ஆருடையதெண்டு கேக்காதை தம்பி. இண்டைக்கு முறை ஆருடையதெண்டு கேள்." அவர் அந்தத் தறையைக் குத்தகைக்குச் செய்துகொண்டிருந்தவர் என்பது எனக்குப் பிறகுதான் தெரிந்தது.

பண்டத்தரிப்பு இருக்கும் வலிகாமத்தின் செம்மண் இயற்கை தந்தது. ஆனால் தோட்டத்தறை மனிதர் செய்தது. கலட்டிக் கல்லைக் கிளப்பி வேலியோரம் அடுக்கினார்கள். பூவரசங்குழையை வெட்டி வந்து மண்ணுக்குள் தாழ்த்தார்கள். மாட்டுக்காரரோடு பேசி இரவில் காணியில் பட்டி அடைக்கச் செய்தார்கள். நாலைந்து இரவு மாடு கிடந்த துண்டில் அடுத்த போகம் எப்படி எழும்பும் என்பது சொல்லித் தெரிய வேண்டியதில்லை. புகையிலை இந்த உழைப்பையெல்லாம் கேட்கும் பயிர். யாழ்ப்பாணப் புகையிலை திருவிதாங்கூருக்குப் போன நாட்களில் அந்தக் காசில்தான் இங்கே நாற்சார் வீடுகள் எழும்பின, சீதனங்களும் எழுதப்பட்டன. மலையாளச் சந்தை மெலிந்தபின் வெங்காயமும் மிளகாயும் வந்தன. 1970 தொடக்கம் 1977 வரை சிறிமாவோ அரசு இறக்குமதியை இறுக்கிய ஏழு வருடமும் யாழ்ப்பாணத் தோட்டக்காரரின் பொற்காலம். படித்த பிள்ளைகளும் மண்வெட்டி எடுத்தார்கள். 1977இல் திறந்த பொருளாதாரம் வந்ததும் வெங்காய விலை விழுந்தது. பிள்ளைகள் வெளிநாட்டைப் பார்த்தார்கள். பரம்பரைக் கமம் அறுந்ததற்குப் போரை மட்டும் காரணம் சொல்பவர்கள் இந்த ஆண்டைத் தாண்டிப் போய்விடுகிறார்கள்.

வாட்டர் பம்ப் வந்து துலாவை இறக்கியது. மூன்று ஆளின் வேலையை ஒரு ஆள் செய்தார், கிணறு களைத்தது. யூரியா வந்து குழையை இறக்கியது. குடாநாட்டுக் கிணறுகள் பலவற்றில் நைத்திரேற்று அளவு மிஞ்சிக் கிடப்பதை ஆய்வாளர் பல பத்தாண்டுகளாகச் சொல்லி வருகிறார்கள். 2021இல் இரசாயன உரத்தை ஒரே இரவில் தடை செய்து, சில மாதத்தில் அதே அரசு பின்வாங்கியபோது, குழை தாழ்க்கத் தெரிந்த கடைசித் தலைமுறை எழும்பி நடக்க முடியாத வயதில் இருந்தது. நிலத்தின் வழி வருவது பரப்பும் குழியும் மட்டுமல்ல. கிணற்றில் கரைந்திருப்பதும் வழிவழியாக வருகிறது.

இனி, முன்பு தள்ளிவைத்த அந்த மறுபக்கம். மூன்று நூற்றாண்டுத் தோட்டம் என்று பெருமை பேசும்போது, துலாவில் நடந்தவர் யார், கல்லைக் கிளப்பியவர் யார் என்ற கேள்வி வரும். தேசவழமையில் காணிக்கு ஒரு பகுதி இருப்பதுபோலவே அடிமைகளுக்கும் ஒரு பகுதி இருக்கிறது. இலங்கையில் அடிமை முறை 1844இல் சட்டப்படி ஒழிந்தது, காணி கைமாறவில்லை. குடிமை செய்தவர்களின் பிள்ளைகள் வாரத்துக்கும் குத்தகைக்கும் அதே தறைகளைக் கொத்தினார்கள். விலை கொடுக்க வசதி வந்த பின்னும், விற்க மனமில்லாத ஊரில் அவர்களால் வாங்க முடியவில்லை. 1958இன் நெற்காணிச் சட்டம் வயல் குத்தகைக்காரருக்கு ஓரளவு பாதுகாப்புத் தந்தது. ஆனால் தோட்டக் காணி அதற்குள் வரவில்லை. ஆகவே பண்டத்தரிப்பில் ஒரே நிலத்தை நாலு தலைமுறையாகச் செய்துவரும் குடும்பத்தைத் தேடினால், உறுதிக்காரரை விட உறுதியில் பெயரே இல்லாத ஒரு குடும்பம் அகப்படுவதற்கு வாய்ப்பு அதிகம். நூறாண்டுப் பலகை உரிமையை எண்ணுகிறது. உழைப்பை எண்ணினால் பலகையில் வேறு பெயர் வரும்.

பிறகு போர். 1990 ஆனியில் வலிகாமம் வடக்கு வெளியேறியது; பலாலி, மயிலிட்டி, காங்கேசன்துறை, தெல்லிப்பழைச் சனம் தெற்கே அயலூர்களில் வந்து குவிந்தது. பொருளாதாரத் தடைக் காலத்தில் பெற்றோல் துளித்துளியாக விட்டுப் பம்பை இயக்கி மண்ணெண்ணெயில் ஓட்டினார்கள். அதுவும் இல்லாதவர்கள் இறக்கிவைத்த துலாவை மீண்டும் ஏற்றினார்கள். 1995 ஐப்பசி 30ஆம் திகதி வலிகாமமே இடம்பெயர்ந்து நடந்தது. 1996 சித்திரையில் திரும்பத் தொடங்கினோம். எங்களுக்கு அது அரை வருடம். வலிகாமம் வடக்காருக்கு இருபத்தைந்து வருடத்துக்கு மேல். 2013இல் அங்கே 6,381 ஏக்கரைச் சுவீகரிக்க அறிவித்தல் ஒட்டினார்கள். ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் நீதிமன்றம் போனார்கள். 2015 முதல் காணி துண்டு துண்டாக விடுபட்டு வருகிறது, இன்னும் முடியவில்லை.

தொடர்ச்சியாக நூறு வருடம் என்ற நிபந்தனையை இந்த மனிதர்கள் முன் வைக்க எந்தச் சங்கத்துக்கும் வாய் வராது. ஆச்சரியம் என்னவென்றால், சட்டம் ஒரு முறை இதை விளங்கிக்கொண்டது. பத்து வருடம் தடையில்லாமல் ஆண்டால் காணி ஆண்டவருக்கு என்பது இலங்கையின் ஆட்சியுரிமைச் சட்டம். இடம்பெயர்ந்தவர்களின் காணியில் இருந்துகொண்டவர்கள் இதைக் காட்டி உரிமை கோரக்கூடும் என்பதால், 2016இன் 5ஆம் இலக்கச் சட்டம் 1983 மே முதல் 2009 மே 18 வரையான காலத்தைக் கணக்கில் எடுக்காதபடி செய்தது. அறுந்த இழையை அறுந்ததாகக் கொள்ளாதே என்று ஒரு சட்டம் சொன்னது. ஆனால் 2025 பங்குனி 28ஆம் திகதி வந்த வர்த்தமானி வடக்கில் 5,900க்கும் மேற்பட்ட ஏக்கருக்கு மூன்று மாதத்துக்குள் உரிமை காட்டுங்கள், இல்லாவிட்டால் அரசுக் காணி என்றது. எதிர்ப்பு எழுந்தது, உயர் நீதிமன்றம் தடுத்தது, அரசு மீளப்பெற்றது. பெட்டகத்தோடு எரிந்துபோன உறுதியை மூன்று மாதத்தில் யார் கொண்டுவருவது?

இப்போது இருக்கும் பிடி மெல்லிய பிடி. பங்காளர் நாலு பேரில் ஒருவர் றொறன்ரோவில், ஒருவர் லண்டனில், ஒருவர் பாரிஸில், ஊரில் இருப்பவர் ஒருவர். அல்லது அவரும் இல்லை, அற்றோணித் தத்துவம் வைத்திருக்கும் ஒரு தூரத்து உறவு. விற்கவும் மாட்டார்கள், செய்யவும் மாட்டார்கள். காணி பற்றை பிடிக்கும், அல்லது வருடக் குத்தகைக்குப் போகும். வாய்ப்பேச்சில் ஒரு வருடம் கிடைத்த காணியில் குழை தாழ்க்க எந்தக் குத்தகைக்காரருக்கும் மனம் வராது. அடுத்த வருடம் அந்தக் குழையின் பலன் வேறு ஆளுக்கு. தைப்பொங்கலுக்கு வீடியோவில் காணியைக் காட்டச் சொல்லி அழைப்பு வரும். அந்தப் பாசத்தை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன். ஆனால் ஐந்து வருடத்துக்கு எழுத்தில் குத்தகை கொடுத்தால் அந்த மண்ணுக்குச் செய்யும் மரியாதை வீடியோவை விடப் பெரிது.

பலகை நடுவதென்றால் நட வேண்டிய இடம் வேலியோரம் அல்ல, கிணற்றடி. ஒரு குடும்பத்தின் பெயருக்குப் பதில் அந்தக் கிணற்றில் முறை வைத்திருந்த எல்லோருடைய பெயரும், உறுதி உள்ளவரும் இல்லாதவரும், எழுதலாம். காணிப் பெயர்களை ஒவ்வொரு கிராமசேவையாளர் பிரிவிலும் கேட்டு எழுதிவைப்பது ஒரு பள்ளிக்கூடத்து உயர்தர வகுப்புப் பிள்ளைகளால் ஒரு விடுமுறையில் முடிகிற வேலை. நில அளவைப் படங்களில் இலக்கம் ஏறி, பெயர் விழுந்துகொண்டிருக்கிறது.

எங்கள் காணிக் கிணற்றின் கட்டில், சீமெந்து காயுமுன் ஆணியால் கீறிய எழுத்து இருக்கிறது. 1958 என்று ஒரு ஆண்டு, அதன் கீழ் முதலெழுத்துகள் மூன்று சோடி. கொஞ்சம் தள்ளிப் பிற்காலத்து வெடிப்பைப் பூசிய இடத்தில் 1996, இரண்டு சோடி. திரும்பி வந்த சித்திரையில் கிணற்றை இறைத்துச் சேறு எடுத்தபோது கீறியது. ஐந்து பேருக்கும் முதல் எழுத்து வேறு வேறு. அதில் ஒரு சோடி அந்தக் குத்தகைக்காரப் பெரியவருடையது.